காட்டுயிர்க் கணக்கும் பூச்சிக் கணக்கும்: கருவிகளின் பங்கு, மக்களின் பங்கு

விளைநிலத்தின் பரப்பு, பயிரின் விளைச்சல், கால்நடைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்த காலத்தில் கணக்கெடுத்துப் பதிவு செய்யும் வழக்கம் நமது நிர்வாகத்தில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. காட்டில் வாழும் உயிர்களுக்கு இத்தகைய கணக்கு மிகவும் பிந்தியே வந்தது. பூச்சிகளுக்கோ இன்றுவரை முழுமையாக வரவில்லை எனலாம். கணக்கு இல்லாத இடத்தில் இழப்பும் தெரிவதில்லை. தவறான கணக்கு இருக்கும் இடத்தில் இழப்பு மறைந்தே போகிறது. இவ்விரண்டில் பின்னதே அதிகத் தீங்கு விளைவிப்பது என்பதற்கு இராஜஸ்தான் மாநிலத்துச் சரிஸ்கா புலிகள் காப்பகம் கசப்பான சான்றாக நிற்கிறது.

2004ஆம் ஆண்டின் அதிகாரபூர்வமான கணக்குப்படி சரிஸ்காவில் 16 முதல் 18 புலிகள் வரை இருந்தன. 2005ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தேடியபோது அங்கே ஒரு புலி கூட இல்லை. புலிகள் திருட்டு வேட்டையில் ஒவ்வொன்றாக மறைந்து கொண்டிருந்த காலத்திலும் பதிவேடுகளில் அவை உயிரோடு உலவிக் கொண்டிருந்தன. அதே ஆண்டில் மைய அரசு அமைத்த புலிகள் பணிக்குழு, பாதுகாப்பு முறைகளோடு கணக்கெடுக்கும் முறையையும் மாற்றியாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2006இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டுத் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் நிறுவப்பட்டது.

காலடித் தடமும் அதன் குறைகளும்

பழைய முறை யாது? நாடு முழுவதற்குமான முதல் புலிக் கணக்கெடுப்பு 1972இல் நடைபெற்றது. 1,827 புலிகள் இருப்பதாக அறியப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் ஒன்பது காப்பகங்களுடன் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. வனப் பணியாளர்கள் ஒரே காலத்தில் காடெங்கும் நடந்து, மண்ணில் பதிந்த புலியின் காலடித் தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து அதன் உருவை வரைந்து கொள்வார்கள். அல்லது பாரிஸ் சாந்தைக் குழைத்து ஊற்றி அச்செடுப்பார்கள். ஒவ்வொரு புலியின் தடமும் தனித்தன்மை உடையது, அனுபவமுள்ள கண்கள் அதைப் பிரித்தறியும் என்பதே இம்முறையின் அடிப்படை.

ஆனால், ஒரே புலியின் தடம் ஈரமண்ணில் ஒரு விதமாகவும் புழுதியில் வேறு விதமாகவும் பதியும். சரிவில் அதன் வடிவம் மாறும். பாறைப் பகுதியில் தடமே விழாது. எல்லாப் புலிகளின் தடங்களும் கிடைத்துவிட்டன என்று கொள்வதற்கும் ஆதாரமில்லை. இவை அறிவியல் சார்ந்த குறைகள். நிர்வாகம் சார்ந்த குறை ஒன்றும் உண்டு. தன் பொறுப்பிலுள்ள காட்டில் புலிகள் குறைந்தன என்று எழுதும் அலுவலருக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும். இரண்டு கூடின என்று எழுதுபவருக்குப் பாராட்டு வரும். இந்நிலையில் எண்கள் எத்திசையில் நகரும் என்பதை ஊகிக்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. 1989இல் 4,334 என்றும், 2001-02இல் 3,642 என்றும் கணக்குகள் வந்தன. புதிய முறையில் 2006இல் எடுத்த முதல் மதிப்பீடு 1,411 என்று சொன்னபோது நாடே திகைத்தது. முறைகள் வேறாதலால் இவ்வெண்களை நேருக்கு நேர் ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும் பழைய எண்களின் மேல் எழுப்பிய நம்பிக்கை எத்தகையது என்பது அன்று கண்கூடாகத் தெரிந்தது.

இதை எழுதும்போது என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு மாவட்டத்தின் பயிர்ப் பூச்சித் தாக்குதல் அறிக்கைகளைத் தொகுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. ஒரு வட்டத்திலிருந்து வந்த பதினொரு மாத அறிக்கைகளில் ‘தாக்குதல் இல்லை’ என்று ஒரே கையெழுத்தில், ஒரே மையில் எழுதப்பட்டிருந்தது. பதினொன்றும் ஒரே நாளில் எழுதப்பட்டவை என்பதை அறியக் கைரேகை வல்லுநர் தேவைப்படவில்லை. அவ்வாண்டு அந்த வட்டத்தில் பருத்தி பெருமளவு சேதமடைந்திருந்தது. பூச்சி வந்தது உண்மை. அதைப் பார்த்து எழுத ஒருவரும் வயலுக்குப் போகவில்லை என்பதும் உண்மை.

காமிரா சொல்லும் கணக்கு

காட்டில் விலங்கே தன்னைப் படம் எடுத்துக் கொள்ளும் ஏற்பாடு புதிதன்று. ஐக்கிய மாகாணத்து வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், விலங்கின் கால் பட்டால் இழுபடும் கம்பியைக் காமிராவோடு இணைத்து 1920களிலேயே புலிகளை இரவில் படம் பிடித்தார். இன்றைய தானியங்கிக் காமிரா, உடற்சூட்டையும் அசைவையும் உணர்ந்து தானே இயங்குகிறது. பாதையின் இரு மருங்கிலும் ஒவ்வொன்றாக இரண்டு காமிராக்களைப் பொருத்துகிறார்கள். புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் ஒன்றுபோல் இராதாகையால் இரு பக்கங்களும் தேவைப்படுகின்றன. மனிதனுக்குக் கைரேகை எப்படியோ அப்படியே புலிக்கு உடல்வரி. ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை.

படம் கிடைத்த புலிகளை எண்ணினால் மட்டும் போதாது. காமிராவுக்கு அகப்படாதவை எத்தனை என்பதே கேள்வி. இதற்குப் புள்ளியியல் தரும் விடை எளியது. ஒரு காட்டில் முதல் சுற்றில் 40 புலிகள் படத்தில் விழுந்தன எனக் கொள்வோம். சில நாட்கள் கழித்து இரண்டாம் சுற்றில் 50 புலிகள் விழுகின்றன. அவற்றுள் 20 முன்பே பதிவானவை. அதாவது இரண்டாம் சுற்றில் வந்தவற்றுள் ஐந்தில் இரண்டு பங்கு நாம் ஏற்கெனவே அறிந்தவை. அப்படியாயின் முதலில் அறிந்த 40 புலிகளும் காட்டிலுள்ள மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்காகவே இருக்கும். ஆக மொத்தம் ஏறத்தாழ 100. நடைமுறையில் இரண்டு சுற்றுகளுக்குப் பதில் பல நாட்களின் பதிவுகளும், ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட இடமும் கணக்கில் சேர்கின்றன. இடையில் புலிகள் வெளியிலிருந்து வருவதும் போவதும் குறைவாக இருக்கும்படி கணக்கெடுப்புக் காலத்தைச் சுருக்கிக் கொள்கிறார்கள். கர்நாடக மாநிலம் நாகரஹொளெயில் கே. உல்லாஸ் காரந்த் இம்முறையை 1990களின் முற்பகுதியில் செயல்படுத்திக் காட்டினார். அது நாடளாவிய முறையாக ஏற்கப்படுவதற்குச் சரிஸ்கா போன்ற ஓர் இழப்பு நேர வேண்டியிருந்தது வருந்தத்தக்கது.

புள்ளியியல் துறையினருக்கு இச்சிந்தனை அயலானதன்று. 1930களின் இறுதியில் வங்காளத்துச் சணல் பயிரைக் கணக்கிடப் பேராசிரியர் மகலநோபிஸ் மாதிரி ஆய்வைக் கையாண்டபோது, ஒரே பரப்பை இரு தனித்தனிக் குழுக்கள் ஒன்றையொன்று அறியாமல் அளக்கச் செய்து, இரண்டின் முடிவுகளையும் ஒப்பிட்டுப் பிழையைக் கண்டறிந்தார். முழுமையாக எண்ணிவிட்டோம் என்று சொல்லிக் கொள்வதைக் காட்டிலும், ஒரு பகுதியை ஒழுங்காக எண்ணிப் பிழையின் எல்லையையும் சேர்த்துச் சொல்வது மேலானது என்பதே அவர் காட்டிய வழி. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் இன்றைய புலி மதிப்பீடும் இவ்வழியையே பின்பற்றுகிறது. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி புலிகளின் எண்ணிக்கை 3,167க்கும் 3,925க்கும் இடைப்பட்டது, சராசரி 3,682. ஒற்றை எண்ணுக்குப் பழகிய செய்தித்தாள்களுக்கு இவ்விரிவு உகந்ததாக இல்லை. ஆனால் திட்டமிடுபவர்களுக்கு அதுவே பயன்படும்.

அவ்வாண்டு 32,588 இடங்களில் காமிராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் 4.7 கோடிக்கு மேல்; புலி இருந்தவை 97,399 மட்டுமே. எஞ்சியவற்றில் மான், பன்றி, மாடு, காற்றில் அசைந்த புல் ஆகியவையே பெரும்பகுதி. இவற்றை மனிதக் கண்களால் பிரிப்பதாயின் அடுத்த மதிப்பீடே வந்துவிடும். கணினியே விலங்கை இனங்கண்டு தொகுதியாகப் பிரிப்பதற்கும், உடல்வரிகளை ஒப்பிட்டு ஒரே புலியைச் சேர்ப்பதற்கும் மென்பொருள்கள் உள்ளன. எனினும் ஐயத்துக்குரிய படத்தை இறுதியாக முடிவு செய்வது பயிற்சி பெற்ற ஒருவரே. பனிச்சிறுத்தைக்கும் இத்தகைய முதல் நாடளாவிய மதிப்பீடு 2019 முதல் 2023 வரை நடைபெற்றது. 718 பனிச்சிறுத்தைகள் உள்ளன என்று 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அவற்றுள் 477 லடாக்கில் வாழ்பவை.

கருவிகளைப் பற்றியே பேசும்போது நடந்த கால்களை மறந்துவிடக் கூடாது. 2022 மதிப்பீட்டுக்காக வனப் பணியாளர்கள் காடுகளில் நடந்த தொலைவு 6,41,449 கிலோமீட்டர். காமிரா வைக்கும் இடத்தைத் தீர்மானிப்பதே இந்த நடைதான். 2010இல் அறிமுகமான எம்-ஸ்ட்ரைப்ஸ் என்னும் முறையில், காவல் சுற்றுக்குச் செல்லும் வனக்காப்பாளரின் கைப்பேசி அவர் சென்ற வழியையும் நேரத்தையும் தானே பதிவு செய்கிறது. கண்ட தடம், எச்சம், வெட்டுமரம், கண்ணி ஆகியவற்றை அவர் அவ்விடத்திலேயே குறிக்கிறார். ரோந்து போகாமலே போனதாக எழுதுவது இதனால் கடினமாயிற்று. அதே வேளையில், ஒரு சரகத்தில் எந்தப் பகுதிக்குப் பல மாதங்களாக ஒருவரும் செல்லவில்லை என்பதும் மேலதிகாரிக்கு வரைபடத்தில் தெரிகிறது. அங்கே பணியிடம் காலியாக இருப்பதால் செல்லவில்லையா, பாதை இல்லாததால் செல்லவில்லையா என்பதை வரைபடம் சொல்லாது. அதைக் கேட்டறிய வேண்டியவர் அதிகாரியே.

பாறுகள் மறைந்த கதை

புலிக்குப் பெயர் உண்டு. அதனால் நிதியும் உண்டு. எங்கும் சாதாரணமாகக் காணப்படும் உயிரை எண்ணுவதற்கு யாருக்கும் தோன்றுவதில்லை. 1980களில் நம் நாட்டில் பாறுகள் எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் கோடிக்கணக்கில் இருந்தன. ஊர்ப்புறத்தில் மாடு இறந்தால் சில மணி நேரத்தில் எலும்பு மட்டுமே மிஞ்சும். 1990களில் இவை மளமளவென மடிந்தன. பரத்பூர் சரணாலயத்தில் 1980களில் கூடுகளை எண்ணிப் பதிவு செய்திருந்தமையால்தான், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் பத்தாண்டு கழித்து மீண்டும் எண்ணியபோது வீழ்ச்சியின் அளவு தெரிய வந்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்தில் ஒன்றே எஞ்சியது. மாடுகளுக்கு வலி நீக்கத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மருந்தே காரணம் என்பது 2004இல் நிறுவப்பட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது.

பொருளாதார மாணவர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பாறுகள் மறைந்ததால் அழுகும் உடல்களும் தெருநாய்களும் பெருகி, நீர் மாசுபட்டு, 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 இலட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கக் கூடும் என்று 2024இல் வெளியான பொருளாதார ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. மதிப்பீட்டின் முறை பற்றி விவாதிக்க இடமுண்டு. ஆயினும் கழுகைக் கணக்கிடாமல் விட்டதற்கு ஒரு விலை இருந்தது என்பதில் ஐயமில்லை.

பரத்பூர் போல ஓரிரு இடங்களில் மட்டுமன்றி நாடெங்கும் சாதாரணப் பறவைகளை ஆண்டுதோறும் எண்ணும் வசதி அரசுத் துறை எதற்கும் இல்லை, இருக்கவும் முடியாது. அப்பணியைப் பொதுமக்கள் செய்து வருகிறார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் நம் நாட்டு ஆசிரியர்களும் மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும் தாம் கண்ட பறவைகளைக் கைப்பேசி வழியே பதிகிறார்கள். இத்தகைய 30,000க்கும் மேற்பட்டோர் தந்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 942 இனங்களின் நிலையை 2023ஆம் ஆண்டு அறிக்கை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கை அறிய முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துள்ளன. மயிலும் குயிலும் பெருகியுள்ளன.

யார் வேண்டுமானாலும் எழுதும் குறிப்பை எப்படி நம்புவது என்னும் கேள்வி எழுவது இயல்பு. தனி ஒருவரின் குறிப்பை நம்ப வேண்டிய தேவை இங்கில்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவு பார்த்தார் என்பதோடு, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் ஒருவர் பட்டியலிட வேண்டும். அரிய பறவையை மட்டும் எழுதிவிட்டுக் காகத்தை விட்டுவிடக் கூடாது. அப்போதுதான் ஒரு பட்டியலில் ஒரு பறவை இல்லாமையும் ஒரு செய்தியாகிறது. நூறு பட்டியல்களில் எத்தனையில் சிட்டுக்குருவி இடம்பெற்றது என்னும் விகிதத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால், பார்ப்பவர்களின் தொகை பத்து மடங்கு பெருகினாலும் போக்கு புலப்படும். ஒரு மாவட்டத்தில் எதிர்பாராத பறவை பதிவானால், அப்பகுதியை நன்கறிந்த தன்னார்வலர் ஒருவர் படமோ விளக்கமோ கேட்டுச் சரிபார்க்கிறார்.

சிட்டுக்குருவி பற்றிய பொதுக் கருத்தையே இப்பதிவுகள் திருத்தின. கைப்பேசிக் கோபுரங்களால் குருவிகள் அழிந்துவிட்டன என்பது பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் செய்தி. 2020ஆம் ஆண்டு அறிக்கையின்படி நாடு முழுவதையும் எடுத்துக் கொண்டால் குருவிகளின் நிலை ஏறத்தாழ மாறவில்லை. சென்னை, மும்பை போன்ற பெருநகரங்களில் குறைந்துள்ளன. கோபுரத்தைக் குற்றம் சாட்டுவதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை.

மற்றொரு வழியைக் கேரளம் காட்டியது. விரும்பிய இடத்தில் விரும்பியபோது பார்ப்பதற்குப் பதிலாக, மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, குலுக்கல் முறையில் தேர்ந்த சிறு கட்டங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் 2015 முதல் 2020 வரை ஆண்டுக்கு இருமுறை சென்றார்கள். ஏறத்தாழ 25,000 பட்டியல்களும் 3 இலட்சம் பதிவுகளும் சேர்ந்தன. பேருந்து வசதியுள்ள இடங்களும் பெயர்பெற்ற ஏரிகளும் மட்டுமே பதிவாகும் சார்பு இதில் பெரிதும் நீங்கிவிடுகிறது.

பூச்சிகள்: காணாத இழப்பு

நம் நாட்டில் அறிவியல் பெயர் பெற்ற பூச்சியினங்கள் அறுபதாயிரத்துக்கும் மேல். இவற்றுள் எண்ணிக்கையின் போக்கை நாம் அறிந்தவை மிகச் சில. அவையும் பெரும்பாலும் பயிருக்குப் பகையானவை. ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்துப் பூச்சி ஆர்வலர் சங்கத்தினர், காப்புப் பகுதிகள் 63இல் ஒரே வகைப் பொறியை வைத்து, விழுந்த பறக்கும் பூச்சிகளை 1989 முதல் எடை போட்டு வைத்திருந்தார்கள். 27 ஆண்டுகளில் எடை 75 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2017இல் தெரிந்தபோதுதான் உலகம் விழித்தது. அவர்கள் கையாண்டது வலைத்துணிப் பொறியும் தராசும்தான். மாறாத முறையில் விடாமல் செய்ததே அவர்களது சிறப்பு. இத்தகைய நீண்ட பதிவு நம் நாட்டில் எவ்விடத்துக்கும் இல்லாமையால், மா மலரையும் ஏலக்காய் மலரையும் நாடும் வண்டினங்கள் குறைந்தனவா என்னும் விவசாயியின் கேள்விக்கு நம்மால் எண்ணால் விடை சொல்ல இயலவில்லை.

ஒரே ஒரு பூச்சியின் மீது மட்டும் நம் அரசு எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கண் வைத்திருக்கிறது. அது பாலைவன வெட்டுக்கிளி. 1939இல் நிறுவப்பட்ட வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு, இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் 2 இலட்சம் சதுர கிலோமீட்டர் பாலைநிலத்தைக் கண்காணிக்கிறது. தனித்து வாழும்வரை இப்பூச்சி தீங்கற்றது. மழைக்குப்பின் பசுமை பரவி, கூட்டம் நெருங்கும்போது அதன் நிறமும் நடத்தையும் மாறித் திரளாகப் புறப்படுகிறது. ஒரு சதுர கிலோமீட்டர் திரளில் 4 முதல் 8 கோடி வரை பூச்சிகள் இருக்கும். 35,000 மக்கள் ஒரு நாளில் உண்ணும் அளவு உணவை அவை ஒரே நாளில் தின்றுவிடும். திரளான பின் துரத்துவதைவிடத் திரளும் முன் கண்டுகொள்வதே மலிவு.

2018இல் அரேபியாவின் ஆளில்லாப் பாலையில் இரண்டு புயல்கள் மழை பொழிந்தன. எவரும் செல்ல இயலாத அப்பகுதியில் மூன்று தலைமுறை வெட்டுக்கிளிகள் யார் கண்ணிலும் படாமல் பெருகின. 2019இல் மேற்கு இராஜஸ்தானுக்கு வந்த திரள்கள் 2020 மே மாதத்தில் ஜெய்ப்பூர் நகரின் மேல் பறந்து, மத்தியப் பிரதேசத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் பரவின. செயற்கைக்கோள் படங்கள் பசுமையையும் மண்ணின் ஈரத்தையும் காட்டி எங்கே தேட வேண்டும் என்று சொல்லும். அங்கே பூச்சி உண்டா என்பதைக் காலால் நடந்து பார்ப்பவரே சொல்ல முடியும். அவ்வாண்டில் உயர்ந்த மரங்களிலும் எட்டாத மேடுகளிலும் மருந்து தெளிக்க நம் நாடு ட்ரோன்களைப் பயன்படுத்தியது. ஆனால் மாலையில் திரள் எந்த ஊரில் இறங்கியது என்ற செய்தி பெரும்பாலும் விவசாயிகளின் தொலைபேசி அழைப்பாகவே வந்தது. விடியுமுன் மருந்து தெளித்தாக வேண்டுமாதலால் அவ்வழைப்பின் மதிப்பு மிகப் பெரிது.

பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு வேறு வகையான காவல் தேவை. பெண் பூச்சியின் மணத்தை ஒத்த பொருளை வைத்த இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் அந்துகள் வந்து விழும். ஒரு பொறியில் ஓர் இரவுக்கு எட்டு வீதம் மூன்று இரவுகள் தொடர்ந்து விழுந்தால் மருந்து தெளிக்கும் காலம் வந்துவிட்டது என்பது கணக்கு. பொறியில் விழுந்தவற்றை விவசாயி படம் எடுத்து அனுப்பினால் எண்ணிச் சொல்லும் செயலிகள் இப்போது உள்ளன. 2024 ஆகஸ்ட் 15இல் மைய வேளாண் அமைச்சகம் தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறை, 61 பயிர்களைத் தாக்கும் 400க்கும் மேற்பட்ட பூச்சிகளைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு படத்திலிருந்து அறிய முயல்கிறது. எனக்குத் தரப்பட்ட பதினொரு மாத அறிக்கைகளை இப்போது நினைத்தால், அங்கே குறைந்தது படத்தில் தேதியாவது இருக்கும் என்று தோன்றுகிறது.

செய்தி திரும்பிப் போக வேண்டும்

மக்களிடம் செய்தி கேட்பது எளிது. கேட்ட செய்தியை அவர்களுக்குப் பயன்படும்படி திருப்பித் தருவதில்தான் நாம் தவறுகிறோம். தமிழ்நாட்டின் வால்பாறையில் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பீடபூமியில் தேயிலைத் தோட்டங்களும் யானைகளும் கலந்து கிடக்கின்றன. இருட்டில் யானை நிற்பது தெரியாமல் எதிர்ப்பட்டே பலர் இறந்தார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த எம். ஆனந்தகுமார், 2011ஆம் ஆண்டளவில், யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாகத் தொழிலாளர்களுக்கு அனுப்பவும், உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடவிடவும், முக்கிய இடங்களில் கைப்பேசியால் இயக்கும் சிவப்பு விளக்கை எரிய வைக்கவும் ஏற்பாடு செய்தார். விளக்கை இயக்கும் பொறுப்பு அங்கேயே வாழ்பவர்களிடம் விடப்பட்டது. மாலையில் பேருந்திலிருந்து இறங்கும் தொழிலாளி விளக்கைப் பார்த்து வழியை மாற்றிக் கொள்கிறார். தாம் தந்த செய்தி தம் உயிரையே காப்பதைக் கண்டவர்கள் மேலும் செய்தி தருகிறார்கள்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கார்பெட் புலிகள் காப்பகத்தில் விலங்குகளுக்காக வைத்த காமிராக்களும் ட்ரோன்களும், விறகும் புல்லும் சேகரிக்கச் செல்லும் பெண்களை அச்சுறுத்தவும் கண்காணிக்கவும் பயன்பட்டன என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. காடு அப்பெண்களுக்குத் தனிமையும் பேச்சும் பாட்டும் கிடைக்கும் இடம். காமிரா வந்தபின் அவர்கள் உரக்கப் பேசுவதைக் குறைத்தார்கள், அதனால் புலியும் யானையும் எதிர்ப்படும் ஆபத்துக் கூடியது என்பது அதன் முடிவுகளில் ஒன்று. காமிராவில் மனிதர் விழுந்த படத்தை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், எப்போது அழித்தாக வேண்டும் என்பதற்கு எழுத்து வடிவில் விதி வேண்டும். இவ்விதி இன்றி மக்கள் பங்கேற்பு என்று பேசுவது பொருந்தாது. அரிய உயிர்களின் இருப்பிடத்தைப் பொதுத்தளத்தில் துல்லியமாக வெளியிடாமல் மறைத்து வைப்பதும் இதைப் போன்றே தேவையானது. கள்ள வேட்டைக்காரனும் கைப்பேசி வைத்திருக்கிறான்.

உயிரியற் பல்வகைமைச் சட்டம் 2002இல் இயற்றப்பட்டது. அதன்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் காலக்கெடு விதித்தபின் பதிவேடுகள் விரைந்து பெருகி இரண்டரை இலட்சத்தைத் தாண்டிவிட்டன. விரைவில் எழுதப்பட்டவை பலவற்றில் மரம், மூலிகை, மீன் ஆகியவற்றுக்கான பக்கங்கள் நிரம்பியிருக்க, பூச்சிகளுக்கான பக்கம் சில வரிகளோடு நின்றுவிடுகிறது. அதை நிரப்பக் கூடியவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். செப்டம்பர் மாதத்தில் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணும் இளைஞர்களும், அமாவாசை இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கேற்றி அந்துப்பூச்சிகளைப் படமெடுப்பவர்களும் இன்று பல மாநிலங்களில் உள்ளனர். அவர்களுடைய படங்கள் தன்னார்வத் தளங்களில் சேர்கின்றன; ஊராட்சிப் பதிவேட்டுக்கு வந்து சேர்வதில்லை.

நெல் ஆராய்ச்சி நிலையங்கள் பலவற்றில் விளக்குப் பொறி வைத்து, தண்டுத் துளைப்பானும் புகையானும் இரவுதோறும் எத்தனை விழுந்தன என்று பல்லாண்டுகளாக எழுதி வருகிறார்கள். அப்பதிவேடுகளில் ஒரு பகுதி இன்னும் தாளிலேயே உள்ளது. அவற்றைக் கணினியில் ஏற்றுவது ஒரு கோடைக்கால மாணவர் பயிற்சிக்கு ஏற்ற வேலை. பொறியில் அவ்விரவு விழுந்த மற்றப் பூச்சிகளின் மொத்த எடைக்கென்று அதே பக்கத்தில் ஒரு பத்தியைக் கூட்டிக் கொள்வதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது. ஒரு தராசு போதும்.